வயிற்றுவலி என்று எழுதிய கை

என்னைத் தலைசீவிப் பொட்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்த என் பாண்டி அக்காவுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பழக்கதோஷம். செத்துப்போனவளிடம் கேட்கிற கேள்வியா அது? நீ இருந்திருந்தால் ‘கிறுக்கி’ என்று உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

முதலில் வீட்டுச் சேதி. போன மழைக்காலத்தில் நம்மைப் பெற்ற அய்யாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கஞ்சி வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடித் திறக்கிறார். ஊரையே அதட்டிய வாய் அது. கண்மாய் இந்த வருஷம் நல்ல பெருக்கு. பள்ளத்தில் நெல்லும் மேட்டில் மிளகாயும் நிற்கின்றன. நான் எதையும் பார்ப்பதில்லை, குத்தகைக்கு விட்டாயிற்று. ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து ஆரி வேலை செய்கிறேன். கல்யாணப் பெண்களுடைய ஜாக்கெட்டில் மயிலும் மாங்காயும் போட்டுக் கொடுக்கிற வேலை. முதுகில் பல்லக்கு வேண்டும் என்கிறார்கள், பல்லக்குக்குக் கீழே மாப்பிள்ளை பெயர் வேண்டும் என்கிறார்கள். போட்டுக் கொடுக்கிறேன். கட்டுகிறவளுக்குத்தானே தெரியும் பின்னால் என்ன இருக்கிறது என்று.

இதை நான் மடித்து உன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் பற்றி நான் முதன்முதலில் எழுதியதும் ஊரார் படிக்கிற காகிதம்தான். அதில் பொய் எழுதினேன். இதில் அந்தப் பொய்யையே எழுதுகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். அப்போது பதினாலு வயதுப் பிள்ளை நீ. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாய். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரை ஊரில் வளர்ந்த உன்னை உப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மச்சான் அடித்தார். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி, பெண்பிள்ளை பெற்றதற்கு அடி, அடித்ததை வெளியில் சொன்னதற்கு அடி. எட்டு வருஷத்தில் மூன்று தடவை பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாய். மூன்று தடவையும் திருப்பி அனுப்பினோம். மூன்றாவது தடவை அனுப்பிய இரண்டாம் நாள், மிளகாய்க்கு அடிக்க வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாய். உனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உன் மகள் அபிக்கு ஆறு. எனக்குப் பதினெட்டு.

பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் தூரில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போலீஸுக்கு மனுக் கொடுத்தால்தான் உன்னை அறுத்துத் தருவார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏத்தா ராக்கு, நீதானே பிளஸ் டூ படிச்சவ. கையெழுத்தும் முத்து முத்தா இருக்கும். அய்யா சொல்றாப்புல நீ எழுது.”

“என்னன்னு எழுத?”

“தீராத வயித்துவலின்னு எழுது.”

“அக்காவுக்கு வயித்துவலியே கிடையாதே, பெரியப்பா.”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுவாக. கல்யாணமாகி ஏழு வருசம் தாண்டிருச்சு, ஆர்.டி.ஓ. விசாரணை வராது. நம்ம குடுக்குறதுதான் மனு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “பொம்பளப் பிள்ளை ஒண்ணு கிடக்குல்ல. ஆத்தா மருந்தக் குடிச்சா, அப்பன் செயிலுக்குப் போனான்னு பேராகிப் போச்சுன்னா நாளைக்கு அத எவன் கட்டுவான்? செத்தவளப் பாக்குறதா, இருக்குறதப் பாக்குறதா?”

நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். ‘என் மகள் பாண்டியம்மாள் கடந்த இரண்டு வருடங்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. வலி பொறுக்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார்.’ இரண்டு வருடம் என்று பெரியப்பா சொல்லவில்லை அக்கா. அது நானாகச் சேர்த்தது. வெறும் வயிற்றுவலி என்றால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. நன்றாகப் படித்த பிள்ளை இல்லையா, கட்டுரையை எப்படி நிரப்ப வேண்டும் என்று தெரியும். ‘அவருடைய சாவில் எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்று முடித்தேன். அய்யா கையெழுத்துப் போட்டார்.

நம் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம் ஆனாலும் காத்திருந்தாக வேண்டும். கோடியைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘எங்க பிள்ளைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க, அப்புறம் போடுறோம்’ என்று நின்றால் கட்டிக்கொண்டுபோனவர்கள் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இருக்கிற ஒரே பிடி அது. அதுவும் பெண் செத்த பிறகு. அன்றைக்கு அந்தச் சேலை என் கையில் இருந்தது. சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சேலை. “போடுத்தா, நேரமாகுது” என்றார்கள். யாரையும் எதுவும் கேட்காமல் உன்மேல் போட்டேன்.

பிறகு நான் எங்கெங்கோ தையல் கற்றுக்கொண்டு ஊசியைப் பிடித்தது, ஆரி கற்றது, அதெல்லாம் பெரிய கதை. ஒருநாள் கல்யாண ஜாக்கெட் ஒன்றில் மாப்பிள்ளை பெயரைத் தைத்துக்கொண்டிருந்தபோது என் எழுத்தைப் பார்த்தேன். துணியில் தைத்தாலும் அதே எழுத்துத்தான். அதே சுழி, அதே கொம்பு. வேப்பமரத்தடியில் எழுதிய அதே கை. அன்று சாயங்காலமே மங்கலம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கோடிச் சேலை வாங்கினேன். அதில் ‘கடந்த இரண்டு வருடங்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார்’ என்ற வரியைக் கறுப்பு நூலில், சங்கிலித் தையலில், முந்தியிலிருந்து உள்தலைப்பு வரைக்கும் தைத்தேன். மட்டமான துணி, பிரேமில் இழுத்துக் கட்டினால் கிழிகிறது. கிழிந்த இடத்தைச் சுற்றியும் தைத்தேன்.

மனுவில் ஏழு வாக்கியம். ஏழு சேலை. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் வழக்கம்போலக் கேட்பார், “நல்லதுக்கா கெட்டதுக்காம்மா?” கெட்டதுக்கு என்றால் கலரெல்லாம் விரித்துக் காட்ட மாட்டார், அடுக்கில் மேலே இருப்பதை உருவிக் கொடுத்துவிடுவார். “யாரு தவறிட்டா?” என்பார். “எங்க அக்கா” என்பேன். மூன்றாவது தடவை மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “போன மாசமும் அக்கான்னுதானே சொன்ன?” “ஆமாண்ணே, இன்னும் எடுக்கல” என்றேன். அதன்பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார், தப்பில்லை.

இந்த ஏழு சேலையையும் சென்னையில் ஒரு கூடத்தில் தொங்கவிட்டார்கள். ஜாக்கெட் தைக்க வந்த ஒரு டீச்சரம்மா பார்த்து, அவருக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி, அப்படி அப்படியே போனது. என்னைப் பெண்ணியக் கலைஞர் என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார்கள். இருக்கட்டும், திட்டவில்லையே. உண்மையில் நடந்ததை என்னிடம் கேட்டுக் கீழே இங்கிலீஷில் அட்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சேலையை நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலர் அழுதார்கள். ஒரு கல்லூரிப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, “எங்க அத்தைக்கும் இப்படித்தான் எழுதுனாங்க” என்றாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன், இருந்தது.

கடைசி நாளுக்கு முதல்நாள் வயதான ஒரு அம்மா வந்தார். நாற்காலி போட்டு ஒவ்வொரு சேலையின் முன்னாலும் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பிள்ளை இருக்காளே, மகள், அவ இதைப் பார்த்துட்டாளா?”

“பார்த்துட்டாம்மா” என்றேன்.

பார்க்கவில்லை. அபிக்கு எதுவும் தெரியாது. உன்னை எடுத்த பிறகு மச்சான் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார், பிள்ளையை எங்கள் பக்கம் அனுப்பவில்லை. காலேஜில் சேர்ந்து ராமநாதபுரம் வந்த பிறகுதான் என் அறைக்கு வர ஆரம்பித்தாள். மருந்து என்ற சொல்லை அந்த வீட்டார் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டார்கள், வயிற்றுவலி மட்டும் மிஞ்சிவிட்டது. ‘உங்க அம்மா வயித்துவலியில போனா’ என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவள் வருகிற நாளில் நான் கோடிச் சேலைகளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவேன். பல்லக்கையும் மயிலையும் எடுத்துக் காட்டுவேன். முன்பின் தெரியாத ஜனத்துக்கு ஏழு சேலை நீளத்துக்கு உண்மையைச் சொன்னவள், பெற்ற மகளிடம் ஒரு வரி சொல்லவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது? மைக் பிடித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைசி நாள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அபியிடமிருந்து போன் வந்தது.

“சித்தி, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஆபரேசன். நீங்க வாரீங்களா?”

“என்னத்தா சொல்ற? என்ன ஆபரேசன்?”

“வயித்துல டியூப் விட்டுப் பாக்கப் போறாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் பெருசாத் தெரியலன்னுதான் சொன்னாங்க. ஆனா எனக்கு மாசாமாசம் வலி வருதுல்ல. அம்மாவும் இப்படி வலியிலதானே போனாங்க? டாக்டர் கேட்டாங்க, வீட்டுல யாருக்கும் இருந்துச்சான்னு. சொன்னேன். அப்படின்னா உள்ள பாத்துர்றது நல்லதுன்னுட்டாங்க. அப்பாவும் பாத்துருவோம்ங்கிறாரு. திருவாடானைக்காரங்க பொண்ணு பாத்துட்டுப் போயி வேணாம்னுட்டாங்கல்ல, ஆத்தாளுக்கு இருந்தது பிள்ளைக்கும் இருக்கும்னு.” தொடர்ந்து சொன்னாள், “அம்மா இருபத்தெட்டுல போனாங்க. எனக்கு இன்னும் எட்டு வருசம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிரலாம்ல சித்தி?”

எட்டு வருஷம் என்று அந்தப் பிள்ளை எண்ணி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் வலி வந்து சுருண்டு படுக்கும்போதெல்லாம், அம்மாவைக் கொன்றது நம்மிடமும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. நான் மார்க்குக்கு எழுதுகிற மாதிரி எழுதிய ‘இரண்டு வருடங்களாக’ அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு மாப்பிள்ளை வர வேண்டும் என்று எழுதிய பொய்யால் வந்த மாப்பிள்ளையும் போய்விட்டான். இப்போது அதற்காகக் கத்தியும் வைக்கப் போகிறார்கள். பெரியப்பா செத்துப் போய்விட்டார், இல்லாவிட்டால் அவர் முன்னால் போய் நின்றிருப்பேன். நின்று என்ன கிழித்திருப்பேன் என்றும் தெரியவில்லை. எழுதியது நான்.

கிடைத்த ரயிலில் ஏறிக் காலையில் ராமநாதபுரத்தில் இறங்கி, சேலை மூட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணி எட்டரை. பச்சை அங்கியை மாட்டி, இரண்டு சடை பின்னி, காதிலிருந்ததையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உன் பல்வரிசை அக்கா அவளுக்கு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாதாம் சித்தி. எப்படா முடியும்னு இருக்கு.”

“அபி, உங்க அம்மா...” என்று ஆரம்பித்தேன். மறுபடியும் ஆரம்பித்தேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. கடைசியில் மூட்டையை அவிழ்த்து ஒரு சேலையை எடுத்து அவள் மடியில் விரித்தேன். கேவலம்தான். வாயிருந்தும் துணியைக் காட்டுகிறேன்.

அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தாள். “இது உங்க எழுத்துல்ல? பில்லுல எழுதுவீங்கள்ல, அதே மாதிரி இருக்கு.”

“என் எழுத்துத்தான். போலீஸ்ல குடுக்க அன்னைக்கு நான் எழுதுனது.”

“அம்மாவுக்கு ரெண்டு வருசமாவா இருந்துச்சு?”

“ஒருநாள்கூட இல்லத்தா. நான் பொய் எழுதுனேன்.”

“அப்ப எதுல செத்தாங்க?”

சொன்னேன். உங்கப்பா அடித்தார், நம் வீட்டுக்கு வந்தாள், நாங்கள் திருப்பி அனுப்பினோம், மருந்தைக் குடித்துவிட்டாள். நாலு வாக்கியம். பதினாலு வருஷம் மறைத்து, ஏழு சேலையில் தைத்த விஷயம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அபி சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப எனக்கு அது இல்லையா?” என்றாள்.

“எது?”

“அம்மாவோட வியாதி.”

“அம்மாவுக்கு வியாதியே இல்லடி.”

“அப்ப நான் சாக மாட்டேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, நல்ல சந்தோஷத்தில் சிரிக்கிற சிரிப்பு. பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்து என்ன நல்ல சேதி என்று கேட்டார். உன்னைச் சாகடித்தோம் என்று சொல்லியிருக்கிறேன், உன் பிள்ளை சிரிக்கிறாள். எத்தனை பயத்தைச் சுமந்திருந்தால் அந்தச் சிரிப்பு வரும்? அடுத்த நிமிஷம் அவளுக்கே உறைத்துவிட்டது. சேலையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். “சிரிச்சிட்டேன் சித்தி, நான் சிரிச்சிட்டேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள்.

மச்சான் உள்ளே வந்தார். தலை நரைத்து வயிறு வைத்துவிட்டது. சேலையில் எழுத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. “ஆபரேசன் அன்னைக்குத்தான் இதெல்லாம் பேசணுமா ராக்கு? பழசக் கிளறி என்ன ஆகப்போவுது?” என்றார். நான் எதையோ கத்தப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார், “எழுதுனது நீ. கையெழுத்துப் போட்டது உங்கய்யா. நான் ஒரு வார்த்த எழுதலையே.”

அந்த மனுஷன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

“அப்பா, வெளிய போங்க” என்றாள் அபி. அவர் போகவில்லை. “வெளிய போங்கன்னு சொல்றேன்ல” என்று மறுபடியும் சொன்னாள். இரண்டாவது தடவையில் போனார். அவரும் இதுவரை அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். நல்ல மனுஷி. கேஸ் தாளை எடுத்து, அம்மாவுடைய வியாதி என்று எழுதியிருந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். “இப்போதைக்கு மாத்திரை போதும். ஆறு மாசம் பார்ப்போம். ஏம்மா, இதை ஒருத்தர்கூட முன்னாடியே சொல்லலையே?” என்றார். என்ன சொல்லச் சொல்கிறாய் அவரிடம்? எங்கள் பக்கம் பெண் செத்தால் வயிற்றுவலி என்று எழுதுவது வழக்கம் என்றா? அபி என் முகத்தைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

அவள் உப்பூருக்குப் போகவில்லை. பச்சை அங்கியைக் கழற்றிவிட்டு என் பின்னாலேயே அறைக்கு வந்துவிட்டாள். மச்சான் இரண்டு தடவை போன் பண்ணினார், எடுக்கவில்லை. என்னோடும் அவள் பேசவில்லை. சோறு போட்டால் தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். பெட்டியைத் திறந்து ஏழு சேலையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள், மடித்து வைத்தாள். மறுநாளும் எடுத்துப் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் பார்த்தார்கள், எத்தனையோ சொன்னார்கள். அவள் பார்க்கிறபோது மட்டும் எனக்கு அந்தத் தையல் முழுக்கப் பிசகாகத் தெரிந்தது.

நேற்று மத்தியானம் பேசினாள். நான் பிரேமில் குனிந்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் தானாகவே சொன்னாள்.

“அம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சித்தி ஞாபகம் இருக்கு. அம்மா மடியில உக்காந்து பஸ்ஸுல போனோம். நீங்க கீழ நின்னு டாட்டா காட்டுனீங்க. பஸ்ஸு திரும்புற வரைக்கும் காட்டுனீங்க. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்கள அனுப்ப உங்களுக்கு மனசே இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

அக்கா, நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கோத்த நூல் கோத்தபடியே இருந்தது.

அது அந்த மூன்றாவது தடவை. உனக்குத்தான் தெரியும், எனக்குத்தான் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நீ வியாழக்கிழமை காலையில் பையோடும் பிள்ளையோடும் வந்து நின்றாய். கன்னம் வீங்கியிருந்தது. அய்யா அன்றைக்கு உன்னைப் போகச் சொல்லவில்லை. ‘ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்’ என்றுதான் சொன்னார். நான்தான் அடுக்களையில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை அவங்க வாராங்கக்கா. வாழாம வந்தவ வீட்டுல இருந்தா கேள்வி கேப்பாங்க. இன்னைக்கே போயிரு.”

“திங்கக்கிழமை போறேன்டி. அவங்க வர்ற நேரம் பின்னால கொல்லையில இருந்துக்கிறேன். வெளிய வர மாட்டேன்” என்றாய்.

நான் சம்மதிக்கவில்லை. உன் பையை நான்தான் தூக்கினேன். மங்கலம் வரைக்கும் கூடவே வந்தேன், நீ பாதியில் திரும்பிவிடக் கூடாது என்று. பஸ்ஸில் ஏற்றி, நீ பேச வாயெடுக்கிறதுக்கு முன்னால் கண்டக்டரிடம் “உப்பூர் ஒண்ணு” என்று டிக்கெட்டும் நானே எடுத்தேன். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றது பாசத்தில் இல்லை அக்கா. நீ இறங்கிவிடுவாயோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை விடிந்ததும் சேதி வந்தது. பெண் பார்க்க வரவேண்டியவர்கள் வரவில்லை, சாவு வீட்டில் எப்படி வருவார்கள்?

‘நாங்கள் திருப்பி அனுப்பினோம்’ என்று அபியிடம் சொன்னேன். இந்தக் கடிதத்திலும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அடிக்காமல் விட்டிருக்கிறேன், படிக்கிறவர்கள் பார்க்கட்டும். மனுவில் ‘எங்களுக்குச் சந்தேகம் இல்லை’ என்று எழுதிய அதே ‘எங்களுக்கு’. ஊரைச் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்விடும் இல்லையா? ஏழு சேலையில் அடித்தவனையும் எழுதச் சொன்னவரையும் கையெழுத்துப் போட்டவரையும் நிறுத்தினேன். பஸ் ஏற்றியவளை ஒரு சேலையிலும் தைக்கவில்லை.

இனி தைக்கவும் மாட்டேன். இதையும் எட்டாவது சேலையாக்கித் தொங்கவிட்டால் நாலு பேர் அழுவார்கள், என்னைக் கட்டிக்கொள்வார்கள். வேண்டாம். இந்தக் கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், நாளைக் காலையில், அபி எழுந்து பல்விளக்கி வந்ததும் எதிரில் உட்காரவைத்து, துணி எதையும் கையில் எடுக்காமல், என் வாயால் அவளிடம் சொல்லிவிடுவேன். அவளுக்குச் சொல்லாத உண்மையை இனி ஊருக்குச் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட்டாலும் சரி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் சரி. கிளம்பினால், எங்கே போக வேண்டும் என்று அவளே சொல்லட்டும். டிக்கெட்டை நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை உப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட உன் தங்கச்சி
ராக்கு